மாற்றிய பின்னும் அதே வண்டியா?

மாமல்லபுரத்தில் கடலோரம் குடியிருக்கிறேன். என் கியர் சைக்கிளை முதலில் தின்பது உப்புக்காற்றுதான். செயின் இறுகும், பிரேக் ஒயர் துருவேறி இழை இழையாகப் பிரியும். ஆகவே எடை குறைந்த, விலை கூடிய பாகங்களை நான் நாடுவதில்லை. போக்ஸ் கம்பியும் ஒயரும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவேன். செயின் நடுத்தர விலையில் போதும். தேய்ந்து நீளும்முன் மாற்றிவிட வேண்டும். நீண்ட செயின் பல்சக்கரங்களையும் தேய்த்துவிடும், செலவு பெருகும்.

இப்படி டயர், பெடல், ரிம் எல்லாம் மாறிவிட்டன. இது அதே சைக்கிள்தானா?

பாலி நூலான ‘மிலிந்த பன்ஹ’வில் பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் இதை ஒத்த கேள்வியைக் கேட்கிறார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? தனித்தனியே எதுவும் தேரல்ல; இவை சேர்ந்திருக்கையில் வழங்கும் பெயரே தேர். மனிதனும் அவ்வாறே என்கிறார்.

எங்கள் ஊரின் கல்தேர்களான ஐந்து ரதங்கள் 7ஆம் நூற்றாண்டில் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. கழற்றி மாட்ட அவற்றில் பாகமே இல்லை. ஆனால் கல்லையும் காலம் விடுவதில்லை: 8ஆம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களை உப்புக்காற்று மழுக்கியிருக்கிறது.

மாறாத பொருளைத் தேடுவது வீண் என்றே நம்புகிறேன். கைக்கு எட்டும் விலையில், உழைக்கும் பாகத்தைத் தேர்ந்து, உரிய நேரத்தில் மாட்டும் அக்கறைதான் ஒரு வண்டியை அதே வண்டியாக வைத்திருக்கிறது. உடலுக்கும் உறவுக்கும் இது பொருந்தும்.