காட்சியா, கருதலா?

பொறிகளால் நேரே அறிவதைக் காட்சி என்றும், கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவதைக் கருதல் என்றும் அளவை நூலார் பிரித்து வைத்தனர். நுண்ணுயிரியல் ஆய்வாளரின் திரையில் சுழலும் புள்ளிக்கூட்டம் இவ்விரண்டில் எதன்பாற்படும் என்பது ஆராயத்தக்கது. ஏனெனில் அது கருதலாகப் பிறந்து காட்சியின் வேடம் பூண்டு நிற்கிறது.

மண்ணிலிருந்தோ மனிதக் குடலிலிருந்தோ எடுத்த மாதிரிகளில் எந்தெந்த பாக்டீரியங்கள் எவ்வளவு உள்ளன என்று மரபணு வரிசைகளைப் படித்துக் கணக்கிட்டபின், அம்மாதிரிகள் இரண்டிரண்டாக ஒப்பிடப்படுகின்றன. விஸ்கான்சின் காடுகளை ஆராய்ந்த பிரேயும் கர்ட்டிஸும் 1957-இல் கையாண்ட அளவின்படி, முற்றும் ஒத்த இரண்டுக்கு இடையே தொலைவு 0. பொது இனம் ஒன்றுகூட இல்லாத இரண்டுக்கு இடையே 1. நூறு மாதிரிகளுக்கு 4,950 தொலைவுகள் கிடைக்கும்; அவற்றை வரைந்துகாட்ட 99 அச்சுகள் வரை தேவைப்படலாம். 1966-இல் கோவர் வகுத்த முறை, வேறுபாடு மிகுதியாகப் புலப்படும் திசையை முதல் அச்சாகக் கொண்டு மற்றவற்றை இறங்குவரிசையில் அடுக்குகிறது. இத்தகைய முறைகளை நிரல்படுத்தல் எனலாம். ஒவ்வொரு மாதிரியும் ஒரு புள்ளியாகும்; திரையில் ஒரே வேளையில் ஏறுவன மூன்று அச்சுகளே.

சில வேளைகளில் புள்ளிகள் குதிரை லாடம்போல் வளைந்து நிற்கும். வட, தென் அமெரிக்காக்களில் எடுத்த 88 மண் மாதிரிகளைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆய்வு, பாக்டீரியச் சமூகங்கள் மண்ணின் அமில காரத் தன்மையை ஒட்டி மாறுவதைக் காட்டியது. அத்தகைய தொடரில் கடும் அமில மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் பொது இனம் இல்லையெனில் தொலைவு 1. அமில மண்ணுக்கும் களர் மண்ணுக்கும் இடையிலும் அதே 1 தான், அதற்குமேல் அளவுகோல் நீளாது. ஆகவே நேராக ஓட வேண்டிய வரிசை வளைந்து, முனைகள் இரண்டும் நெருங்குவதுபோல் தோன்றுகிறது. அவ்வளைவு மண்ணில் இல்லை. எனினும் மாதிரிகளின் முன்பின் முறை அவ்வளைவிலும் குலையாதிருப்பதால், அதை வெறும் பொய் என்று தள்ளிவிடவும் இயலாது. மனிதக் குடற்சமூகங்கள் மூன்று வகை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டதும், அவை தனிக்கூட்டங்களா, இடையறாத் தொடர்ச்சியா என்று பின்வந்தோர் வாதிட்டதும், படத்தில் தெரியும் வடிவம் இயற்கையில் உண்டா என்னும் இவ்வகைச் சிக்கலே.

இப்படங்களைத் திரையில் காட்ட 2013-இல் வெளிவந்த எம்பரர் என்னும் மென்பொருள், நிரலும் விளைவும் விளக்கமும் ஒருங்கே அமையும் ஜூபிட்டர் குறிப்பேட்டுக்குள்ளும் இயங்குகிறது. அதில் அப்புள்ளிகளைச் சுட்டியால் திருப்பலாம், நிறம் மாற்றலாம். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க இடந்தருவதைப் பொருள் என்று நம்புவது மனத்தின் பழக்கம். எனவே சுழற்றச் சுழற்றக் கருதல் காட்சியாகவே உறைந்துவிடுகிறது. ஆயினும் அச்சுகளை மாற்றி நான்காவதையோ ஐந்தாவதையோ அழைக்கும் உரிமையும் அதே கருவியில் உண்டு. ஒரு கோணத்தில் பிரிந்து நின்ற கூட்டம் மற்றொன்றில் கலந்துபோவதைக் கண்டவருக்கு, கண்முன் இருப்பது ஊகமே என்பது விளங்கும். அச்சிட்ட அசையாப் படம் இவ்வுதவியைச் செய்வதில்லை. தொலைவைக் கணக்கிட்ட நிரலின் ஒவ்வொரு வரியையும் குறிப்பேடு காத்து வைக்கிறது. ஆய்வாளரின் கை எந்தக் கோணத்தில் நின்றது என்பது மட்டும் அதில் தானாகப் பதிவாவதில்லை.