கூண்டைத் திறப்பதும் ஏரியைக் காப்பதும்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சாவகர் குடும்பங்களில், பறவைக்குத் தானியம் இடுவதும் நீர் வைப்பதும் குழந்தைப் பருவத்திலேயே படியும் நற்பழக்கங்களாகும். இவற்றோடு, கூண்டில் அடைபட்ட பறவைகளை விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடும் வழக்கமும் ஜீவதயை என்னும் பெயரால் ஜைனர்களிடமும் பிற சமயத்தாரிடமும் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. மறுபுறம், பறவையைத் தொடாமல், பிடிக்காமல், விலகி நின்று பார்ப்பதையே பணியாகக் கொண்ட சங்கங்களும் இருக்கின்றன. கூண்டைத் திறக்கும் கையா, விலகி நிற்கும் கண்ணா, எது கருணைக்கு நெருக்கமானது? இவ்வினா நாம் ஆராயத்தக்கது.

பறவை நோக்கும் சங்கங்களின் வரலாற்றில் கொல்லாமையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று குழுக்களாகப் பிரிந்து, கண்ணில் பட்டவற்றையெல்லாம் சுட்டு வீழ்த்தி, யார் அதிகம் கொன்றார் என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார். அவ்வாண்டு 27 பேர் எண்ணினர். இன்று பல்லாயிரவர் எண்ணுகின்றனர். நம் நாட்டிலும் 1987 முதல் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. சென்னையில் 1978இல் தோன்றிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியினர் அடையாற்றுக் கழிமுகம், பள்ளிக்கரணை முதலிய கரையோர நீர்நிலைகளில் பறவைகளைக் கண்டு குறித்து வருகின்றனர். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் ஆர்வலர் பலர் கூடிப் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர்.

வெறுமனே பார்ப்பது எப்படி அறமாகும் என்று சிலர் கேட்கலாம். தத்துவங்களில் உறுதி கொள்வதே நற்காட்சி. கண்ணால் காண்பதை அதற்கு ஈடாக்க நாம் முற்படவில்லை. ஆயினும், ஓர் உயிர் எங்கே உண்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பவற்றை அறியாமல் காட்டும் இரக்கம் வழி தவறக்கூடும் என்பதை மறுக்க இயலாது.

பறவையை வாங்கி விடுவிக்கும் வழக்கமே இதற்குச் சான்று. விடுவிப்பதற்கென்று வாங்குவோர் இருப்பதால், அதற்கென்றே கிளிகளும் சில்லைகளும் வலை வைத்துப் பிடிக்கப்படுகின்றன. பிடிபடும்போதும், நெரிசலாக எடுத்துச் செல்லப்படும்போதும் பல இறந்துபோகின்றன. எஞ்சியவற்றுள் சில, சிறகு வெட்டப்பட்ட நிலையிலோ தமக்குப் பழக்கமில்லாத இடத்திலோ விடப்பட்டு மடிகின்றன. நாம் கொடுக்கும் பணமோ அடுத்த வலைக்கு முதலாகிறது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வழிகளாலும் வினை வந்து சேரும் என்பது நம் அறநெறி. கள்ளாமை விரதத்திற்குரிய குற்றங்களுள், களவுக்குத் தூண்டுவதும் களவுப் பொருளை ஏற்பதும் இடம்பெற்றுள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளின் வாணிகத்தைத் தடை செய்துள்ளன. ஆகவே, அவ்வாறு பிடித்த பறவையை வாங்குவோரின் உள்ளம் தூயதேயாயினும், அவர் செயல் இக்குற்றங்களுக்கு மிக அருகில் நிற்கிறது.

அப்படியானால், கண்முன் கூண்டில் துடிக்கும் பறவையைப் பாராமல் கடந்து செல்வதா? இக்கேள்வி எளிதன்று. அந்த ஒரு பறவைக்கு நாம் கொடுக்கும் விலையே விடுதலை. ஆனால் அதே விலை, இன்னும் பிடிபடாத பல பறவைகளுக்குச் சிறை. காணாத உயிர்களுக்கும் நம் அறம் இடமளிப்பதால், பணம் கொடுப்பதை விட வனத்துறையினருக்குத் தெரிவிப்பதே தக்கது. அதனால் பறவையும் மீளும், வாணிகமும் தளரும்.

இதனினும் பெரிய ஜீவதயை, பறவைகள் வாழும் இடத்தைக் காப்பதாகும். வேடந்தாங்கல் மக்கள் 1790களிலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டுத் தம் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் பார்த்தறிந்திருந்தனர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகக் கிழக்கே சென்றால் மரக்காணம் அருகே கழுவெளி உள்ளது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு, வேட்டைக்கும் ஆக்கிரமிப்புக்கும் நெடுங்காலம் இலக்காகி, 2021 டிசம்பரில் ஏறத்தாழ 5,150 ஹெக்டேர் பரப்புடைய பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எந்த நீர்நிலையில் எத்தனை பறவைகள் என்று குறித்து வைப்போர் இல்லையெனில், அது தூர்க்கப்படும்போது அவ்வுயிர்களுக்காகக் காட்டச் சான்றும் இல்லாமற்போகும்.

பார்ப்பவரும் வரம்பு அறிதல் வேண்டும். படம் எடுப்பதற்காகக் கூட்டை நெருங்குவதும், ஒலிநாடாவால் பறவையை ஏமாற்றி அழைப்பதும் இம்சையே. நிலம் நோக்கி உயிருக்கு ஊறின்றி நடக்கும் ஈர்யா சமிதி முனிவர்க்கு விதிக்கப்பட்டது எனினும், ஏரிக்கரையில் நடக்கும் இல்லறத்தார்க்கும் அது நல்வழிகாட்டி. நம் முனிவர்கள் ஏந்தும் மயிற்பீலியும் மயில் தானாக உதிர்த்த இறகுகளால் ஆனதன்றோ!

திருநாதர்குன்றில் பாறையில் வடிக்கப்பட்ட 24 தீர்த்தங்கரர்களை வணங்கும் நாம், அவர்களுள் ஐந்தாமவரான சுமதிநாதரின் இலாஞ்சனம் சக்கரவாகம் என்பதை அறிவோம். அது குளிர்காலத்தில் இந்திய நீர்நிலைகளுக்கு வலசை வரும் பறவை. வரும் பொங்கல் விடுமுறையில் ஒரு காலைப்பொழுதேனும் நம் பிள்ளைகளை ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். அமைதியாக நின்று, கண்ட பறவைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்வோம். மகாவீரர் ஜெயந்திக்குப் பறவை வாங்க ஒதுக்கும் தொகை இருப்பின், அதனை அவ்வேரியின் கரையில் மரம் நட்டு வளர்ப்பதற்கு அளிப்போம்.