காட்டிக் கொடுக்காதீர்கள்

காரைக்குடியில் டிராவல்ஸ் நடத்துகிறவர்களே, இந்த சீசனுக்கான பேக்கேஜை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. முடிவு செய்திருந்தால் எடுத்து ஒருமுறை பாருங்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி அரண்மனை, கானாடுகாத்தானில் இலைச் சாப்பாடு, இவற்றுக்கு நடுவே ‘பறவைகள் சரணாலயம், அரை மணி நேரம்’ என்று ஒரு வரி சொருகியிருந்தால் அதை இன்றே அடித்துவிடுங்கள். போகிற போக்கில் ஐம்பது பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி, செல்ஃபி எடுத்துக்கொண்டு ஏறுகிற இடம் அல்ல அது.

வேட்டங்குடியைத்தான் சொல்கிறேன். திருப்பத்தூரைத் தாண்டி, மதுரை சாலைப் பக்கம் மூன்று கண்மாய்கள்: வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி. மொத்தமே 38.4 ஹெக்டேர், நூறு ஏக்கருக்கும் குறைவு. 1977இல் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வக்காவும் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளி வருவதும் அதே நாட்களில்தான். ஒரு வெடிச் சத்தம் போதும், மரத்தில் இருக்கும் அத்தனையும் பதறி எழுந்துவிடும். அந்தப் பதற்றத்தில் முட்டை உருண்டு விழும். விழாத முட்டையைக் காக்கை பார்த்துக்கொள்ளும்.

இது தெரிந்துதான் அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் வேட்டு இல்லை. வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்து நன்றி சொல்கிறது. பக்கத்து ஊரில் வாணம் மேலே போவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், எட்டு வயதுப் பிள்ளையிடம் தீபாவளிக்கு வெடி கிடையாது என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா? நீங்கள் காசாக்குகிற பறவைகள் அந்தச் சம்மதத்தில் வந்து இறங்கியவை. அந்தக் காசில் ஊருக்கு என்ன கொடுத்தீர்கள்? வெளியூர் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்ததும், குடித்த தண்ணீர் பாட்டில் கரையில் கிடந்ததும் கணக்கில் சேராது.

கட்டுப்பாடு வைத்தால் தொழில் நடக்குமா என்று கேட்பீர்கள். நம் பக்கத்திலிருந்தே இப்போது கென்யாவுக்குச் சஃபாரி போகிறார்கள்.  டிக்கெட் போட்டுக் கொடுப்பதே நீங்கள்தான். ஆப்பிரிக்காவில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ருவாண்டாவில் கொரில்லா பார்க்க 2017இலிருந்து பெர்மிட் கட்டணம் 1,500 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டும் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம். பூங்கா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்கு. மசாய் மாராவை ஒட்டியுள்ள காப்புநிலங்களில் மசாய் குடும்பங்களுக்கு நிலவாடகை போகிறது. ஒரு சிங்கத்தைச் சுற்றி இத்தனை வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. இவ்வளவு கெடுபிடியிலும் ஆள் வராமல் போகவில்லை. கெடுபிடி இருப்பதால்தான் அந்த விலைக்கு விற்கிறது. “ரூல்ஸ் சொன்னா கஸ்டமர் ஓடிருவாங்கண்ணே” என்று இனி யாரும் சொல்லாதீர்கள். ஆப்பிரிக்கா டிக்கெட் போடும்போதும் ஒன்று: சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைக்கிற பண்ணையை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள். கொஞ்சுவதற்காகத் தாயிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட குட்டி, வளர்ந்தபின் வேலிக்குள் வேட்டைக்காரனின் துப்பாக்கிக்கு நிறுத்தப்பட்ட கதைகள் அங்கே உண்டு.

ஆளுக்குத் தகுந்த பயணம் என்று விளம்பரம் செய்கிறீர்கள். அப்படியானால் முதலில் வருகிறவரிடம் பேசுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்ப முடியுமா? பேசாமல் இரண்டு மணி நேரம் இருக்க முடியுமா? முடியாது என்றால் அவருக்கு வேட்டங்குடி வேண்டாம். கோயிலும் சாப்பாடும் போதும், அதிலும் உங்களுக்கு லாபம்தான். முடியும் என்பவருக்குச் சின்ன வண்டி கொடுங்கள். அந்த ஊர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து, உங்கள் டிரைவருக்குக் கொடுப்பதற்குக் குறையாத கூலி கொடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கக் கூடாது, ட்ரோன் விடக் கூடாது என்பதையெல்லாம் முன்பணம் வாங்கும்போதே ரசீதில் அச்சடித்துக் கொடுங்கள். கரையில் நின்று சொன்னால் சண்டைதான் வரும். ஊருக்கான பங்கை பில்லில் தனி வரியாகப் போடுங்கள். உங்கள் லாபத்துக்குள் ஒளித்து வைத்தால் முதல் மந்தமான மாதத்திலேயே அது காணாமல் போகும், எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நேரம் இருப்பவரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கும் அழைத்துப் போகலாம். தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022இல் அறிவிக்கப்பட்டது. வல்லூறுகள் பறக்கும் அந்த மலைப்பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது ஊர்களே திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்தன. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மைக்கை நீங்கள் பிடிக்காதீர்கள்.

வீடுகள் விஷயத்தில் இன்னும் மோசம். செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. காலையில் நகரத்தார் வீட்டின் பர்மா தேக்குத் தூணைக் காட்டிவிட்டு, மத்தியானம் அதே மாதிரித் தூண் விலைக்கு நிற்கும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்குவது என்ன நியாயம்? இடிபடுகிற ஒவ்வொரு வீட்டோடும் நீங்கள் காட்ட இருக்கிற வீடுகள் குறைகின்றன. அந்தக் கமிஷனை விடுங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவரிடமும் கண்டாங்கி நெய்கிறவரிடமும் கொட்டான் முடைகிற அம்மாவிடமும் கூட்டிப்போங்கள். பேரத்தில் இறங்காமல் வெளியே நில்லுங்கள்.

மழை பொய்க்கிற வருடமும் வரும். கண்மாய் வெடித்துக் கிடக்கும், நாரை வராது. அப்போது பழைய படத்தைப் போட்டு ஆள் பிடிக்காதீர்கள். பதிவு செய்தவருக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்லி, கேட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஊரின் பங்கை மட்டும் அந்த வருடமும் தீபாவளிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.