ஆவியாகும் நீரும் தங்கும் உப்பும்

சேலம் நகரின் சூரமங்கலத்திலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைக் கண்ணால் காணப் பல மணி நேரப் பயணம் வேண்டும். சேர்வராயன் மலையும் கஞ்சமலையும் ஜருகுமலையும் சூழ்ந்து நிற்கும் இந்த நிலத்தில் கடல் என்பது விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பொருள். இங்கே ஒருவர் தம் வீட்டு முன்னறையில் ஆயிரம் லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியை நிறுத்தி, அதில் பவளத்திட்டு ஒன்றை வளர்க்க விரும்பினால், வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. தொலைவில் உள்ளதை அருகில் வைத்து அறிய வேண்டும் என்னும் ஏக்கம் மனித மனத்தின் மிகப் பழைய ஏக்கங்களில் ஒன்று. அந்த ஏக்கம் நிறைவேறும்போது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை நாம் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

முதல் வியப்பு, இது முடிகிறது என்பதுதான். மேட்டூரிலிருந்து குழாய் வழியே வரும் காவிரி நீரை வடிகட்டி, அதில் கரைந்திருக்கும் அனைத்தையும் அகற்றி, சுமார் 35 கிலோ உப்புக் கலவையைச் சேர்த்தால் ஆயிரம் லிட்டர் கடல் கிடைக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். 1884இல் முடிவுகள் வெளியாயின. உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடுகிறது, குறைகிறது. ஆனால் அதில் அடங்கிய சோடியமும் மக்னீசியமும் கால்சியமும் குளோரைடும் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. கடல் தன்னைத்தானே ஒருமுறை கலந்துகொள்ள ஆயிரம் ஆண்டு அளவில் ஆகிறது. இந்த உப்புகளோ அதில் லட்சக்கணக்கான ஆண்டுகளிலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை தங்குகின்றன. அதனால் வங்கக் கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் விகிதத்தில் வேற்றுமை இல்லாமல் போயிற்று. சூரமங்கலத்து வீட்டில் கரைக்கப்படும் கடலும் அந்த ஒழுங்குக்கு உட்பட்டதே.

இந்த உப்புகள் சேலத்துக்கு அந்நியமானவை என்று எண்ணிவிட வேண்டாம். ஊருக்கு வெளியே வெளேரென்று தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களில் வெட்டப்படுவது மக்னீசியம் கார்பனேட். சங்ககிரியில் சிமெண்ட் ஆலைக்கு இரையான சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். பவளம் வளர்ப்போர் ஓயாமல் அளந்து பார்த்து, குறையும்போதெல்லாம் தொட்டியில் சேர்க்கும் தாதுக்கள் இந்த மாவட்டத்துப் பாறைகளில் உறைந்து கிடப்பவைதாம். மலையில் பெய்யும் மழை பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துச் செல்கிறது. ஒரு பங்கு வெள்ளாற்றோடு போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. இன்னொரு பங்கு திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்த ஆறு இன்று சாக்கடையையும் சாயப்பட்டறைக் கழிவையும் சுமந்து போவதை நாம் நாள்தோறும் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறோம். வீட்டுத் தொட்டிக்கு ஊற்றும் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துளியும் இருக்கலாகாது என்று கவலைப்படும் மனிதர், அதே கடலின் பெரும்பகுதிக்குத் தம் ஊர் எதை அனுப்பிவைக்கிறது என்று ஒரு நாளாவது எண்ணாமல் இருக்க முடியுமா? எண்ண வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. கடலை வீட்டுக்கு அழைத்தவர் கடலுக்கு உறவினர் ஆகிவிடுகிறார். உறவில் ஒரு பக்கம் மட்டும் தூய்மை போதாது.

நீரும் கல்லும் வைத்த பிறகு வெறுமையாக ஒரு காலம் கழிகிறது. வாரக்கணக்கில் தொட்டியில் மீன் இல்லை, பவளம் இல்லை. கல்லும் விளக்கும் ஓடும் நீரும் மட்டுமே. வீட்டுக்கு வருவோர் மீன் எங்கே என்று கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கல்லின் நுண்துளைகளில் குடியேறி, உயிர்களின் கழிவான அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றக் கற்கும் காலம் அது. அவை நிலைபெறும் முன் விடப்படும் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறி இறக்கிறது. அழகான உயிர் எதுவும் தனியே வாழ்வதில்லை என்பதும், அதன் அழுக்கை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில்தான் அழகு நிற்கிறது என்பதும் இந்த வெறும் வாரங்களில் விளங்குகின்றன. நம் நகரங்களில் விடியும் முன் தெருவைக் கூட்டிவிட்டுப் போகிறவர்களை நாம் பெயர் சொல்லி அறிவதில்லை. அவர்கள் வராத நாளில்தான் ஊர் தன் நிலையை உணர்கிறது.

அதற்குப் பிறகு தொடங்குவது முடிவில்லாத பணி. சேலத்துக் கோடையில் திறந்த தொட்டியிலிருந்து நாள்தோறும் லிட்டர் லிட்டராக நீர் ஆவியாகிப் போகிறது. போவது நீர் மட்டும். உப்பு எங்கும் போவதில்லை. ஆகவே எதுவும் செய்யாமல் விட்டால் தொட்டி நாளுக்கு நாள் கரிக்கிறது. அதை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றினால் கேடு இரட்டிக்கும். நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், போன அளவு, போன உடனே. பவளம் தன் கூட்டைக் கட்டிக்கொள்ளக் கால்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. எடுத்த அளவு திரும்பக் கொடுக்கப்பட வேண்டும். கழிவு சேர்கிறது, அகற்றப்பட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு நேற்று இருந்த தொட்டியே இன்றும் இருக்கிறது. அந்த 'நேற்று இருந்தது போலவே' என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக ஈட்டப்பட்ட ஒன்று.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். மாறாமல் இருப்பதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை, மாற்றத்துக்குத்தான் உழைப்பு வேண்டும் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். நம் உடல் வெம்மை 37 டிகிரியில் நிற்பதை, ஒரு குடும்பத்தில் மூன்று வேளையும் அடுப்பு எரிவதை, இருவரிடையே நம்பிக்கை முப்பது ஆண்டுகள் குறையாமல் இருப்பதை நாம் இயல்பு என்கிறோம். இயல்பு என்று சொன்னவுடன் அதற்குப் பின்னால் உழைப்பவரைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் உலகில் நிலைத்து நிற்பதாகத் தோன்றும் ஒவ்வொன்றும், தன்னிடமிருந்து ஓயாமல் கழிந்து போவதை எவரோ அல்லது எதுவோ ஓயாமல் ஈடுசெய்துகொண்டிருப்பதால் மட்டுமே நிற்கிறது என்பதையும், ஈடுசெய்தல் நின்றுபோன கணத்தில் பொருள் உடனே அழிந்துவிடாமல் முதலில் தன்னுள் தங்கிவிட்டதன் செறிவிலேயே மெல்லக் கசந்து போகிறது என்பதையும், அப்படிக் கசந்த உறவுகளையும் ஊர்களையும் கண்டு காரணம் தெரியாமல் திகைக்கும் நாம் அங்கே என்றோ வந்து நின்றுபோன நன்னீரைப் பற்றிக் கேட்கத் தவறிவிடுகிறோம் என்பதையும் இந்தக் கண்ணாடிச் சுவர்கள் நம் கண்முன் வைக்கின்றன. நிலைபேறு என்பது இடையறாத கொடை.

பவளம் இந்த உண்மையின் மிக நுண்ணிய சாட்சி. அதன் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. ஒளியிலிருந்து அவை சமைக்கும் உணவே பவளத்தின் தேவையில் பெரும்பகுதியைத் தீர்க்கிறது. பவளம் அவற்றுக்கு இருப்பிடமும் தன் கழிவையும் தருகிறது. சத்துக் குறைந்த தெளிந்த நீரில் அத்தனை உயிர்ச்செழிப்பு எப்படி என்ற புதிருக்கு, ஒருவர் கழிப்பதை மற்றவர் வீணாக்காமல் ஏற்கும் இந்த உடன்படிக்கை ஒரு பெரிய விடை. ஆனால் அது ஒரு சிறிய வெப்ப எல்லைக்குள் கட்டப்பட்டது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் இழந்து வெளுத்து, பட்டினியில் நிற்கிறது. 2016இல் மன்னார் வளைகுடாவில் அப்படி வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது.

சேலத்தின் வெயிலில் தொட்டியை 26 டிகிரியில் வைத்திருக்கச் சில்லர் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். அது நீரிலிருந்து எடுத்த வெம்மையை அறைக்குள் தள்ளுகிறது. அறை வெளியே தள்ளுகிறது. அதற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு மேட்டூர் அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியிலிருந்து பிறக்கிறது. அந்தப் புகையில் ஒரு சிறு இழை கடலைச் சூடாக்கும் வேலையில் சேர்ந்துகொள்கிறது. ஒரு பவளத்தைக் குளிர்விக்கும் செயல் தொலைவில் உள்ள பவளங்களின் வெம்மையோடு பிணைந்திருப்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கூரையில் சூரியத் தகடு வைக்கலாம், சிறிய தொட்டியோடு நிறைவு கொள்ளலாம். கணக்கு முழுவதும் தீராது. தீராத கணக்கை அறிந்து சுமப்பதும் அறியாமல் சுமத்துவதும் ஒன்றாகா.

மின்சாரம் போய்ப் பம்ப் நிற்கும் நேரங்களில் இன்னொன்று தெரிகிறது: நீரில் காற்றைக் கலக்க ஒரு கை வேண்டும். 1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். மின் பம்ப் இல்லாத காலம். கடல்நீரைத் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றைக் கலந்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். பவளம் பிழைத்தது, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்வாரில்லை. நம் வீடுகளிலும் விரும்பி வைப்பவர் ஒருவராகவும், அவர் வெளியூர் போன நாட்களில் நீர்மட்டத்தைப் பார்த்து ஊற்றுபவர் வேறொருவராகவும் இருக்கிறார்கள். விருந்தினர் பாராட்டும்போது அந்த இரண்டாமவரும் கூடத்துக்கு அழைக்கப்பட வேண்டும்.

நேசமே கொள்ளையாக மாறும் ஆபத்தும் உண்டு. 1850களில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல்கள் ஆங்கிலேயரிடையே கடல்நீர்த் தொட்டி மோகத்தைக் கிளப்பின. அவற்றைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக்குழிகளைச் சுரண்டி எடுத்தார்கள். தந்தை ஆராய்ந்த கரை அதனால் வறண்டுபோனதை மகன் எட்மண்ட் காஸ் பின்னாளில் வருத்தத்தோடு பதிவு செய்தார். நம் கரையில் நடந்ததற்கு மோகம்கூடக் காரணமில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் வெட்டப்பட்டது. அலையைத் தடுக்கும் அரண் போன பின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் நீரில் மூழ்கின. 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே அந்தக் கடலில் பெயர்த்த ஒரு துண்டுகூட, லைவ் ராக் (உயிருள்ள கல்) என்ற பெயரில்கூட, சூரமங்கலத்துத் தொட்டிக்குள் வரக் கூடாது. செயற்கைக் கல் போதும்; பாக்டீரியா அதிலும் குடியேறும். கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே பெருக்கும் வழிகளை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உருவாக்கியிருக்கின்றன. சேர்வராயன் மலையின் நீர் கடலைச் சேரும் ஊரில் பிறந்த மீனைப் பற்றிய அறிவு, மலையடிவார வீட்டுக்கு வந்து சேர்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கண்ணைக் கவரும் அரிய பவளத்தைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்பவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, விடை தெளிவாக இல்லையென்றால் மறுத்துவிடும் மன உறுதி, விலையுயர்ந்த எந்த இயந்திரத்தைவிடவும் தொட்டிக்கு முதன்மையான தேவை.

இனி எஞ்சியிருப்பது காலம் பற்றிய கேள்வி. நன்றாகப் பேணப்பட்ட கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது. 1828இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் எடுத்துவந்த கடல் அனிமோன் ஒன்று அவர் 1851இல் இறந்த பிறகும் வாழ்ந்தது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, ஒவ்வொருவரும் அதன் கண்ணாடிக் குடுவையில் கடல்நீரை மாற்றிக் கொடுக்க, எடின்பரோவில் 1887 வரை அது இருந்தது. எடுத்துவந்தவரின் ஆவல் ஒரு நாளில் பிறந்தது. அதன் கடன் அவர் இறந்த பின்னும் முப்பத்தாறு ஆண்டுகள் பிறரால் அடைக்கப்பட்டது. ஐம்பது வயதில் பெரிய தொட்டியை அமைக்க முனைபவர், கண்ணாடியின் கனத்தையும் தரை தாங்கும் பாரத்தையும் பொறியாளரிடம் கேட்பதற்கு முன்பே, வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும். தமக்குப் பின் யார் நன்னீர் ஊற்றுவார், அவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்தால் மீன்களை ஏற்றுக்கொள்ள மனம் உள்ள வளர்ப்பாளர் யார், அவர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறாரா? பிள்ளைகள் தயங்கினால் தொட்டியின் அளவைக் குறைக்கலாம், அல்லது சில ஆண்டுகள் பொறுத்திருக்கலாம். அந்தப் பேச்சு முடியும் வரை உப்புப் பைகளை வாங்க அவசரமில்லை.