வாயில்லா ஜீவனின் வாய்



நம் பாலாற்றங்கரை ஊர்களில் காளைக்கன்றுக்கு மூக்குக் குத்துவதைப் பாராதவர் சிலரே. நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். குதிரைக்குட்டிக்கு முதல் கடிவாளம் போடுவதும் இப்படித்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. எந்த இரும்பு, எவ்வளவு பருமன், எந்த வயதில், எத்தனை நாள் பழக்கம் என்று அதில் எல்லாமே நம் தேர்வு. தேர்வு நம்முடையதானால் அதன் பொறுப்பும் நம்முடையதே.

நவாப் வாலாஜாவின் பெயரைத் தாங்கி, வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளம் தங்கியிருந்த நம்மூரில் குதிரை புதிதல்ல. ஜட்காக்கள் போய்விட்டன. இன்று கலியாண ஊர்வலத்திலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் அதைக் காண்கிறோம். குட்டி வாங்க விரும்புவோர் ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குப் போகிறார்கள். அங்கே சுழி பார்ப்பார்கள், பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். பல் இல்லாத இடத்தைப் பார்ப்பவர் மட்டும் அபூர்வம்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான், நாக்கின்மேலும் ஈற்றின்மேலும் கிடக்கிறது. அந்த ஈறு எலும்பின்மேல் போர்த்திய மெல்லிய தோல்தான். நோகும் இடமாயிருப்பதால்தான் கடிவாளம் வேலை செய்கிறது. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. குட்டிக்கோ ஏறக்குறைய இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன. சிலவற்றுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னஞ்சிறு பல் ஒன்றும் இருக்கும். இரும்பு அதில் இடித்தால் குட்டி தலையை உதறும். உதறினால் "முரட்டுக் குதிரை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். வாயில்லா ஜீவன் என்கிறோம். அதற்கு நோவதோ வாயில்தான்! ஆகையால் கால்நடை மருத்துவரை அழைத்து முதலில் வாயைக் காட்டுங்கள்.

இரும்பு வழவழப்பாயிருக்கவேண்டும். நடுவில் மூட்டுள்ள சாதாரணக் கம்பியே போதும். முறுக்குக் கம்பி வேண்டாம். இருபுறமும் உதட்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் சரி. பருத்த இரும்பு மிருதுவானது என்பது பாதி உண்மை. சிறிய வாயில் அது நாக்கை நசுக்கும். முதல் நாட்களில் லகான் வார் கட்டாமல், கொஞ்சம் வெல்லம் காட்டிப் போட்டு, சில நிமிஷங்களில் பல்லில் இடிக்காமல் கழற்றிவிடுங்கள். நாக்கால் துழாவி விளையாடட்டும். பிறகு தரையில் நின்றபடியே நீண்ட வாரால் நடத்துங்கள். ஆள் ஏறுவது அதற்கும் பின்புதான். வாரை இழுப்பதனால் குட்டி கற்பதில்லை. அது இணங்கிய கணமே நாம் தளர்த்துகிறோமே, அதனால் கற்கிறது. இணங்கிய பின்பும் இழுத்துக்கொண்டே இருப்பவன் கீழ்ப்படிந்ததற்கே தண்டனை கொடுக்கிறான்.

"சாலையில் லாரி ஆரன் அடிக்கிறது, குழந்தைகள் நிற்கிறார்கள், மிரண்டு ஓடினால் யார் பதில் சொல்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குதிரை பயந்தால் ஓடும் பிராணி. வாயிலேயே வலி இருந்தால் அந்த வலிக்கும் பயந்து ஓடும். புண்பட்டு ஆறிய வாய் காய்த்துப்போகிறது. மெல்லிய சைகை அதற்குப் பின் எட்டாது. இன்னும் கடினமான இரும்பைத் தேடவேண்டிவரும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்கீழ் 1965-இல் வந்த விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடுத்துள்ளன. நல்லதே. ஆனால் சட்டம் இரும்பைத்தான் பார்க்கும். வாரைப் பிடித்த கை எப்போது தளர்கிறது என்று எந்த அதிகாரி பார்க்கப்போகிறார்?

இது பழைய சோதனைதான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான செனபோன் குதிரைப் பயிற்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பலவந்தத்தால் கற்பித்ததைக் குதிரை புரிந்துகொள்வதில்லை என்ற கருத்து அதில் உண்டு. வழவழப்பான கடிவாளம் ஒன்றும் கரடானது ஒன்றும் வைத்துக்கொள்ளும்படியும், கரடானதைக் கண்ட குதிரை மற்றதை விரும்பும் என்றும் அதே நூல் சொல்லுகிறது. இரண்டும் ஒரே மனிதர் எழுதியவை! நாமும் அப்படித்தானே இருக்கிறோம்?

வழவழப்பான இரும்பானாலும் இரும்புதானே, அதைப் போட நமக்கு என்ன உரிமை என்று கேட்பவருமுண்டு. மூக்கின்மேல் பட்டை மட்டும் கட்டிப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் அப்படிச் செய்யட்டும். "பணம் கொடுத்து வாங்கினேன்" என்ற பதிலை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சந்தையில் விலை பேசியது குதிரைக்கு. அதன் வேதனைக்கு யாரும் விலை பேசவில்லை. யாகப்பர் தம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் குதிரைக் கடிவாளத்தைச் சொல்வது மனிதன் தன் நாவை அடக்குவதற்கு உவமையாகத்தான். கோபமாயிருக்கும் நாளில் லகானைத் தொடாதிருப்பதும் அந்த அடக்கத்தைச் சேர்ந்ததே.

குட்டி வாங்கியிருக்கிறீர்களா? பல் முளைத்துக்கொண்டிருந்தால் இரண்டு மாதம் பொறுத்திருங்கள். அதற்குள் ஒரு கலியாண ஊர்வலத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் அதை வேறொருவருக்கு விட்டுவிட்டு, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.