அறிய முடியாதவளும் அறிந்திருக்க வேண்டியவர்களும்

மானாமதுரையிலிருந்து வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்துக்கு நடந்து போகிறவர் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று இந்த வறண்ட காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வானம் பொய்த்த வருடத்தில் வீரசோழனைச் சுற்றியுள்ள கண்மாய்கள் எப்படி வெடித்துக் கிடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பஞ்சம் தாளாமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போன நல்லதங்காளின் கதை அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் நடக்கிறது. அண்ணி மூளி அலங்காரி பிள்ளைகளுக்குச் சோறு தர மறுக்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

பெற்ற பிள்ளைகளைக் கொன்ற ஒருத்தியை மக்கள் கும்பிடுகிறார்கள் என்றால் அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கதை கேட்கிறவர்கள் நல்லதங்காளைத் திட்டுவதில்லை, மூளி அலங்காரியைத்தான் திட்டுகிறார்கள். செய்தவளைவிட, தடுத்திருக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காதவள் மேல் பழி விழுகிறது. ஆனால் அதே கதையில், கிணற்றடியிலிருந்து தப்பி ஓடப் பார்க்கிற மகன் ஒருவனும் இருக்கிறான். வாழ வேண்டும் என்று அவன் நினைத்தான். பிள்ளை தாயின் உடைமை, அவள் போனால் அதுவும் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவனுடைய ஓட்டமே மறுப்பு. தாய்க்காக அழும் மனம் அவனை மறந்துவிட்டால் அந்த இரக்கம் அரைகுறையானது.

பெற்ற தாயே குழந்தையைக் கொன்றாள், அப்போது அவள் மனம் நோயுற்றிருந்தது என்றால், அவளை என்ன செய்வது அறம்? இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன், வெவ்வேறான மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்தித்தாளில் மூன்றுக்கும் ஒரே தலைப்புதான் வருகிறது.

முதலாவது, 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்தை நாடறிய வைத்த பெண் சிசுக்கொலை. எருக்கம்பாலும் நெல்மணியும் அங்கே கருவிகள். வரதட்சணைக் கணக்கும் குடும்பத்தின் கட்டாயமும் காரணங்கள். அதில் தாயின் மனம் தெளிவாக இருந்தது, முடிவு மட்டும் பெரும்பாலும் அவள் கையில் இல்லை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அதற்கு அரசு சொன்ன பதில். இரண்டாவது, அடியும் பசியும் அவமானமும் தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுகிற தாய். மூன்றாவது, பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோய். மருத்துவர்கள் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ் என்பார்கள். இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால், ஓரிடத்தில் குழந்தைக்கும் இன்னோரிடத்தில் தாய்க்கும் அநீதி செய்தவர்களாவோம்.

பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. பத்துப் பதினைந்து நாளில் அது தானே அடங்கிவிடும். மனச்சோர்வு அதைவிட ஆழமானது, மாதக்கணக்கில் நீடிப்பது. இந்திய ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஒரு கணக்கு, நூற்றுக்கு 22 தாய்மாருக்கு அது இருப்பதாகச் சொல்கிறது. தீவிர மனநோய் அரிது, ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு. ஆனால் அது சட்டென்று வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். தூக்கம் அறவே போய்விடும். பேச்சு தொடர்பறுந்து போகும். காலையில் தெளிவாக இருப்பவள் மாலையில் யார் யார் என்று தெரியாமல் விழிப்பாள். குழந்தை தெய்வம் என்றோ பிசாசு என்றோ மாற்றிவைக்கப்பட்டது என்றோ அவளுக்கு உறுதியாகத் தோன்றும். இல்லாத குரல் கட்டளையிடும். இந்த நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. உரிய காலத்தில் மருந்து கிடைத்தால் முழுதாகக் குணமாகிறவர்கள்தான் அதிகம்.

அறத்தின் கண்ணில் இந்த நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. காய்ச்சல் வந்தவளுக்குக் காய்ச்சல் என்று தெரியும். இந்த நோயில், தனக்கு நோய் என்பதை அறியும் திறனைத்தான் நோய் முதலில் எடுத்துக்கொள்கிறது. குரல் உண்மை என்று நம்புகிறவள் யாரிடம் போய் உதவி கேட்பாள்? ஆகவே அறிய வேண்டிய கடமை அவளிடமிருந்து அவளைச் சுற்றியிருப்பவர்களுக்கு மாறிவிடுகிறது. புருஷன், பெற்றவள், மாமியார், செவிலியர், மருத்துவர், அரசு என எல்லோர் மேலும் அது விழுகிறது. அறிய முடியாதவள் மேல் முழுப் பழியையும் போடும்போது, அறிந்திருக்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் விடுதலையாகிவிடுகிறார்கள்.

இந்தப் பகுதிக் கிராமங்கள் இந்த ஆபத்தை அறியாதவை அல்ல. பச்சை உடம்புக்காரியைத் தனியே விடக் கூடாது என்பது பெரியவர்கள் சொல்லிவைத்த விதி. தலைமாட்டில் இரும்பும் வாசலில் வேப்பிலையும் வைத்து, காத்துக் கருப்பு அண்டும் என்று சொன்னாலும், கூடவே ஒரு பெண் படுத்திருந்தாள். காரணம் தவறாக இருந்தாலும் காவல் சரியாக இருந்தது. இன்று தாயும் மகளும் ஒருசேரக் கூலிக்குப் போக வேண்டிய வீடுகளில், புருஷன் வெளியூரில் பிழைக்கிற வீடுகளில், அந்தக் காவல் தளர்ந்திருக்கிறது. பேய் என்ற விளக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கோடாங்கியிடம் குறி கேட்பது, திருநீறு போடுவது, பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பது என்று நாட்கள் ஓடுகின்றன. மருந்து வேலை செய்யக்கூடிய நாட்கள் அவை.

நம்பிக்கையை இகழ்வதால் எதுவும் மாறாது. அதோடு மருந்தைச் சேர்ப்பதால் மாறும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதே ஏர்வாடியில் பின்னாளில் தர்கா வழிபாட்டோடு மனநல மருத்துவத்தையும் சேர்த்துத் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. பிரார்த்தனை நிற்கவில்லை, மாத்திரையும் கிடைத்தது.

சுகாதாரத் துறையும் வீட்டுக்கு வராமல் இல்லை. கிராம சுகாதார செவிலியர் வருகிறார். குழந்தையைத் தொங்கு தராசில் போட்டு எடை பார்க்கிறார். தொப்புளைப் பார்க்கிறார், பால் குடிக்கிறதா என்று கேட்கிறார். தாய்க்கு உதிரப்போக்கு உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுப் பதிவேட்டில் குறிக்கிறார். ‘ராத்திரி தூங்க முடியுதாம்மா? மனசுக்குள்ள ஏதாச்சும் பயமா இருக்கா?’ என்ற கேள்விக்கு அங்கே நேரமில்லை, கட்டாயமுமில்லை. கேட்டாலும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது உண்மை வராது. தாயின் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் படிவம் தமிழிலும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. பிரசவம் முடிந்த சில நாளில் பெற்றவள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். நோய் தலைகாட்டுவது அதற்குப் பிறகுதான். ஆக, மருத்துவமனை பார்க்க முடியாத நாட்களில் பார்க்கக்கூடிய ஒரே அரசுக் கண் அந்தச் செவிலியர்தான். அவரிடம் நூறு வேலைகளைச் சுமத்தியவர்கள் இந்த ஒன்றுக்கு இடம் ஒதுக்கவில்லை.

இனி சட்டம். மனநிலை பிறழ்ந்து, தான் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு அதையே சொல்கிறது. இதன் வேர் 1843-இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதி. நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல் இருக்கிறது. ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை, வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இலேயே சொல்லிவிட்டது.

நடைமுறையில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் வழக்கமாக நடப்பதுபோல, ‘நான்தான் செஞ்சேன்’ என்று நோயுற்ற தாய் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னதாக ஒரு வாக்குமூலம் பதிவாகிறது. மதுரை பெண்கள் சிறைக்குப் போகிறாள். மனநல மருத்துவர் அவளைப் பார்ப்பதற்குள் வாரங்களோ மாதங்களோ ஓடிவிடலாம். இந்த நோய்க்கோ ஏறி இறங்கும் தன்மை உண்டு. பார்க்கும் நாளில் அவள் தெளிந்திருப்பாள், துக்கத்தில் உறைந்திருப்பாள், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வாள். அந்தத் தெளிவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. திருவில்லிபுத்தூர் அமர்வு நீதிமன்றத்துக்கு வழக்கு வரும்போது, சம்பவ நாளில் அவள் மனம் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லாமல் போகலாம்.

நீதிபதிகள் இந்த இடைவெளியை உணர்ந்த தருணங்கள் உண்டு. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், நல்லதங்காளின் பெயரையே அந்த மனநிலைக்குச் சூட்டியது. நீண்டகாலமாகத் தொடர்ந்த ஆத்திரமூட்டலைக் கணக்கில் கொண்டு, அவள் செய்ததைக் கொலைக்குற்றத்திலிருந்து கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாகரத்னா, கோடீஸ்வர் சிங் அமர்வு முன் சத்தீஸ்கர் வழக்கு ஒன்று வந்தது. இரண்டு சிறு மகள்களைக் கொன்ற தாய், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சக்தி தன்னை ஆட்கொண்டது என்று சொல்லியிருந்தாள். அவள் கொன்றதற்கு எந்த நோக்கமும் காட்டப்படவில்லை. மனநோய்களின் பெயர் தெரியாத கிராமத்து மக்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றது. நோக்கமே இல்லாத இத்தகைய வழக்குகளில் விசாரணை நீதிபதி தாமே கேள்வி கேட்டு உண்மையைத் தேட வேண்டும் என்றது. குற்றத்தைக் குறைத்து, பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையில் இருந்த அவளை விடுவித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் முதல் வாரத்தில் ஒரு மருத்துவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, பத்தாம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டது.

இங்கிலாந்து 1922-இலும் பிறகு 1938-இலும் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பிரசவத்தின் விளைவாக மனச் சமநிலை குலைந்த தாய், ஒரு வயதுக்குட்பட்ட தன் குழந்தையைக் கொன்றால் அது கொலையாகக் கருதப்படாது. நம் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த சட்டங்களைக் கொண்ட சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. மூலச் சட்டம் பிறந்த இந்தியாவில் இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2001-இல் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற தாய் தன் ஐந்து குழந்தைகளையும் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றார். முன்பே தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். இன்னொரு குழந்தை வேண்டாம் என்றும், அவரைத் தனியே விட வேண்டாம் என்றும் மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள். அன்று காலை அவர் தனியே இருந்தது ஒரு மணி நேரம். 2002-இல் ஆயுள் தண்டனை. 2006-இல் மறுவிசாரணையில் மனநோய் காரணமாகக் குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு, மருத்துவமனை வாசம். அறிந்திருந்தவர்கள் பலர், நடந்ததற்காகக் கூண்டில் நின்றவர் ஒருவர்.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நோயைக் காட்டி, தெரிந்தே கொன்றவர்கள் தப்பிவிட மாட்டார்களா? உசிலம்பட்டியை அறிந்த தமிழர்களுக்கு இந்த அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, கைதான ஓரிரு நாளில் மனநல மருத்துவரின் பரிசோதனையைக் கட்டாயமாக்குவது. உண்மையான நோயைக் காட்டுவதும் பொய்யை உடைப்பதும் அந்த ஒரே தாள்தான். இதற்கென்று தனிச் சட்டம் வந்தால் பிள்ளை பெற்றவள் எல்லாம் புத்தி பேதலித்தவள் என்ற முத்திரை விழாதா, அதைச் சொல்லியே புருஷன் வீட்டார் குழந்தையைப் பறிக்க மாட்டார்களா? விழக்கூடும், பறிக்கவும் கூடும். அதனால்தான் பேச்சு பெண்ணின் இயல்பைப் பற்றியதாக இருக்கக் கூடாது, குறிப்பிட்ட நோயைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. நோயுற்ற தாய் நல்ல தாயாகவும் இருக்க முடியும் என்பதை அந்தப் படுக்கைகள் நிரூபிக்கின்றன.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் குழந்தையினுடையது. ஓர் உயிர் போயிருக்கிறது, யாரும் தண்டிக்கப்படவில்லை என்றால் அந்த உயிருக்கு மதிப்பென்ன? மதிப்பைக் காட்ட வேறு வழி இருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் தமிழ்நாட்டில் தணிக்கை நடக்கிறது. எந்த மணிக்கு வலி எடுத்தது, வண்டி எப்போது வந்தது, எந்த மருத்துவமனை திருப்பி அனுப்பியது என்று மாவட்ட ஆட்சியர் வரை கேள்வி போகிறது. தாய் மரணங்களைக் குறைத்ததில் அந்தத் தணிக்கைக்குப் பெரும் பங்குண்டு. நோயுற்ற தாயின் கையால் குழந்தை இறக்கும்போது கேள்வி கேட்பது காவல் நிலையம் மட்டுமே. இங்கும் அதே தணிக்கை வேண்டும். எத்தனை நாள் தூங்காமல் இருந்தாள், யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், சொன்னபின் என்ன நடந்தது என்று எழுதிவைக்க வேண்டும். இறந்த குழந்தைக்குச் செய்யக்கூடிய நீதி, அடுத்த குழந்தை பிழைக்க வழி செய்வது.

ஊர் வாய்க்கும் இதில் பங்குண்டு. 2024 ஏப்ரலில் ஆவடி அருகே அடுக்குமாடி வீட்டிலிருந்து தாயின் கை தவறி விழுந்த குழந்தையை அக்கம்பக்கத்தார் காப்பாற்றினார்கள். காணொளி பரவியது. முகம் தெரியாதவர்கள் அந்தத் தாயை வசைபாடினார்கள். சில வாரங்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர் என்று பிறகு செய்தி வந்தது. குழந்தை பிழைத்திருந்த நிலையில், பழிச்சொல் ஒரு தாயைக் கொண்டுபோயிற்று. ‘தாயா இவள்?’ என்று கேட்கப்படும் ஊரில் எந்தப் பெண்ணும் தன் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. செவிலியரின் பதிவேட்டில் தாயின் தூக்கத்துக்கும் மனதுக்கும் ஒரு பத்தி வேண்டும். பிரசவம் முடிந்து அனுப்பும்போது புருஷனையும் மாமியாரையும் உட்காரவைத்து ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்ல வேண்டும். மூன்று இரவு தூங்காமல் பிதற்றும் தாயை உதிரப்போக்குக்காரியைப் போலவே 108 வண்டியில் ஏற்ற வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எல்லோருக்கும் தெரியவைக்க வேண்டும். அதில் தமிழிலேயே பேசலாம். சட்டத்தில் தனிப் பிரிவும், உடனடிப் பரிசோதனையும் வேண்டும்.

தீர்ப்போடு பொறுப்பு முடிவதில்லை. விடுதலையான பெண் திரும்பி வருவது இதே ஊருக்கு. அவள் மறுபடி கருவுற்றால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே மருந்தும், இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கையும், விழிப்பான ஒரு செவிலியரும் இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். முதல் முறை தெரியவில்லை என்று சொல்ல நமக்குக் கொஞ்சம் இடமிருந்தது. இரண்டாவது பிரசவத்தில் அந்தச் சாக்கு எவருக்கும் கிடையாது.