மரணத்தைத் துயில் என்பது பொய்யா?

துயருற்றவரைத் தேற்றுவதற்காக உண்மையல்லாத ஒன்றைச் சொல்லலாமா? அறநூலார் பலகாலம் ஆராய்ந்த இக்கேள்விக்குப் பளிங்குப் பேழை ஒன்று விடை கூறுகிறது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியரிடையே உடலை எரிக்கும் வழக்கம் குறைந்து, அடக்கம் செய்யும் வழக்கம் பெருகியது. செல்வர்கள் உடலைப் பளிங்குப் பேழையில் வைத்து, அதன் பக்கங்களில் புராணக் கதைகளைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்குவித்தனர். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அத்தகைய பேழை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அனினியா ஹிலாரா என்ற மகள், தன் தாய் கிளாடியா அர்ரியாவுக்காக அதைச் செய்வித்தாள்.

அதிலுள்ள கதை எண்டிமியோன் என்ற அழகிய இடையனைப் பற்றியது. அவன் மூப்பின்றி என்றென்றும் உறங்குகிறான். அவன்மீது அன்பு கொண்ட சந்திரதேவி செலீனி தேரிலிருந்து இறங்கி அவனை நாடி வருகிறாள்.

தாயின் மரணத்தை உறக்கமாகக் காட்டுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதல்லவா என்று நம் அறிவு கேட்கும். பேழையின் மூடியைப் பாருங்கள். ‘ஒப்பற்ற தாய்’ என்று போற்றும் கல்வெட்டு, அவள் 50 ஆண்டுகளும் 10 மாதங்களும் வாழ்ந்ததாகக் குறிக்கிறது. மாதத்தையும் விடாமல் எண்ணியவள் தாயின் மரணத்தை மறுத்தவள் அல்லள். மேலும், இறந்தவள் பெண். கதையில் உறங்குபவன் ஆண். ஆகவே, சிற்பம் நடந்ததைச் சொல்ல வரவில்லை. நடந்ததை எப்படித் தாங்குவது என்பதையே சொல்கிறது.

எப்படித் தாங்குவது? எண்டிமியோன் எழுந்து வருவான் என்ற வாக்குறுதி அச்சிற்பத்தில் இல்லை. செலீனிதான் வருகிறாள். அவன் அறியமாட்டான் என்பதற்காக அவள் வராமல் இருக்கவில்லை. ரோமானியரும் ஆண்டுதோறும் பிப்ரவரி 13 முதல் 21 வரை முன்னோர் கல்லறைகளுக்கு மலரும் தானியமும் உப்பும் கொண்டு சென்றனர். ‘நீ திரும்பி வருவாய்’ என்பது பொய்யான ஆறுதலாக இருந்திருக்கும். ‘நான் வந்துகொண்டிருப்பேன்’ என்பது மகள் தன் செயலால் மெய்யாக்கக்கூடிய சொல்.

ஆறுதல் மொழியைச் சோதிக்க இதுவே வழி. இழப்பை மறைத்துக் கடமையை மறக்கச் செய்யும் சொல், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பொய்யே. இழப்பை ஏற்று, அன்பு இனிச் செய்யவேண்டியதை நினைவூட்டும் சொல், கதையின் வடிவில் வந்தாலும் வாய்மையே. துயர் நிகழ்ந்த இல்லத்தில் நாம் பேசும் சொற்கள் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தவை?